நாற்பது கை

சனிக்கிழமை பொழுதோடு சம்பளம்.
கவர் என் கைக்கு வந்து கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது,
பழைய பஸ் ஸ்டாண்டில்
காங்கயம் வண்டி நிற்கிற தூணோரம்
ஒரு கை நீளும்.
"காங்கயத்துக்கு இருவது ரூவா கொறையுதுங்கம்மணி."

போன சனியும் அதே இருபது.
அதற்கு முந்தின சனியும்.
ஆறு மாதமாக ஒரு மனிதர்
இருபது ரூபாய் தூரத்திலேயே நிற்கிறார்.

நான் பனியனுக்குக் கை வைக்கிறவள்.
கை ஒன்றுக்கு ஐம்பது காசு.
இருபது ரூபாய் என்றால் நாற்பது கை.
அதில் நூல் அறுந்தது ரெண்டு, ஊசி முறிந்தது ஒன்று,
ஞானவேலண்ணன் வந்து "பிரிச்சுத் தை" என்றது நாலைந்து.
அத்தனை கையையும்
ஒரு கையில் எப்படி வைப்பது?

சில வாரம் கொடுத்தேன்.
சில வாரம் "சில்லறை இல்லீங்க" என்றேன்.
ஒரு வாரம் அழைப்பே வராத போனைக்
காதில் வைத்துக்கொண்டு நடந்தேன்.
கொடுத்த வாரம் ஏமாந்தேனோ என்றிருந்தது.
கொடுக்காத வாரம் மழை பெய்தது.

பக்கத்து மிஷின் தமயந்தி சொல்வாள்:
"குடுக்காதடி, நேரா சரக்குக் கடைக்குத்தான் போகும்."
போகலாம்.
எங்கள் வீட்டிலும் ஒருத்தர் அங்கேதான் போகிறார்.
அவருக்குக் கொடுப்பதைப் பற்றித்
தமயந்தி பேசியதில்லை.
நானும்தான்.

சித்திரையில் ஒரு நாள்
"வாங்க, நானே டிக்கெட் எடுத்துத் தர்றேன்" என்றேன்.
ஒரு கணம் அவர் முகம் —
பிடிபட்ட முகமா, பயந்த முகமா, பிடிபடவில்லை.
ஏறினார்.
டவுன் பஸ்ஸை விட்டுவிட்டு
அந்த வண்டியிலேயே காசு கொடுத்து நானும் ஏறினேன்.
அவர் உட்கார்ந்ததும்
பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போனார்.
கண்டக்டர் எங்களை மாறிமாறிப் பார்த்து
"ஒறம்பரைங்களா?" என்றார்.
ஆமாம் என்று வாயில் வந்துவிட்டது.

நல்லூரில் இறங்கிக்கொண்டேன்.
வண்டி அவரைக் கூட்டிக்கொண்டு போனது.
அன்றைக்கு நெம்ப லேசாக இருந்தது,
ஒரு பொய்யைக் கையோடு பிடித்து
ஊருக்கு அனுப்பிவைத்த லேசு.

அடுத்த சனி, அதே தூண்.
"காங்கயத்துக்கு இருவது ரூவா..."
"போன வாரந்தானுங்க போனீங்க?"
"போனனுங்க.
வீடு இருந்துச்சுங்க.
வாசல்ல வேற ஆரோட செருப்போ கெடந்துச்சுங்க.
திரும்பி வாரதுக்கு ஆரு டிக்கெட் எடுப்பாங்க,
நடந்தே வந்துட்டனுங்க."

நிஜமா?
காங்கயத்திலிருந்து நடந்த கால் எப்படியிருக்குமென்று
குனிந்து பார்த்தேன்.
தினமும் நடக்கிற கால் மாதிரியே இருந்தது.
"மறுபடி எதுக்குங்க அங்க?" என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பார்,
அல்லது சொல்லாமலிருந்திருப்பார்.
இரண்டையும் வாங்கிக்கொள்ள
என்னிடம் இடமில்லை.

டவுன் பஸ்ஸில் எனக்குக் காசில்லாத டிக்கெட்.
தினமும் கிழித்துக் கையில் கொடுக்கிறார்கள்.
மிச்சமாகிற காசில் பூ வாங்குவாயா, சீட்டுக் கட்டுவாயா,
வீட்டுக்காரர் குடிக்கக் கொடுப்பாயா என்று
ஒரு கண்டக்டரும் கேட்டதில்லை.
எங்கே இறங்கணும் என்பார்கள்.
நல்லூர் என்பேன்.
அவ்வளவுதான் பேச்சு.

நான் வைத்த கைகளெல்லாம்
எந்த தேசத்துக்கோ போகிற அட்டைப்பெட்டிகளில்
மடங்கிக் கிடக்கின்றன.
உள்ளே நுழையப்போவது எப்படிப்பட்ட கை என்று
நான் ஒன்றையும் விசாரித்துத் தைக்கவில்லை.

அதற்காகக் கொடுத்துவிடுவேன் என்றில்லை.
இந்த வாரம் ஆர்டர் இல்லை, மூணு ஷிப்டுதான்.
போனைக் காதில் வைக்காமல்
முகத்தைப் பார்த்து
"இன்னைக்கு இல்லீங்க" என்று சொல்ல வேண்டும்.
வாய்க்குள்ளேயே சொல்லிப் பழகுகிறேன்,
நல்லூர் வருகிற வரை.